வேலிக்கு வெளியே நின்ற ரசிகர்

கிரிக்கெட் தெரியாத தமிழர் மும்பையில் இல்லை. சந்துக்குச் சந்து ஆடுகிறார்கள். கால்பந்து, கபடி, கேரம் எல்லாவற்றுக்கும் நம்மவர்களிடையே ஆள் உண்டு. ஆனால் ரக்பி, பாய்மரப் படகுப் போட்டி, குதிரைப் பந்தயம் ஆகிய மூன்றுக்கும் ஒரே நேரத்தில் ரசிகராக இருக்கும் தமிழரைக் காண்பது அரிது.

தாராவியில் ஒருவர் இருக்கிறார். வயது 68. சொந்த ஊர் தூத்துக்குடி. 1976-ல் பம்பாய்க்கு வந்து, பல்லார்டு எஸ்டேட்டில் கப்பல் சரக்கு ஏஜெண்ட் ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2016-ல் ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் "அண்ணாச்சி" என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கும் அவர் அண்ணாச்சிதான்.

"மூணும் துரைமார் கொண்டு வந்த ஆட்டம். மூணுக்கும் வேலி உண்டு. நான் வேலிக்கு வெளியே நின்னு பார்த்தவன்" என்று சிரிக்கிறார்.

இதற்காக அவர் தனியாகச் செலவு செய்ததில்லை. மாஹிமிலிருந்து சர்ச்கேட் வரை மாதாந்திர சீசன் டிக்கெட் கையில் இருந்தது. மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானம் வழியில் இருக்கிறது. சர்ச்கேட்டில் இறங்கி நடந்தால் பாம்பே ஜிம்கானா. இன்னும் நடந்தால் கேட்வே ஆப் இந்தியா, கடல், படகுகள். ஒரே டிக்கெட்டில் மூன்று ஆட்டம்!

அடிதடி என்று நினைத்தார்

1977 மழைக்காலம். அலுவலகம் முடிந்ததும் சர்ச்கேட் வரை நடந்துவிடுவது அவர் வழக்கம். பஸ் காசு மிச்சம். வழியில் ஆசாத் மைதானத்தை ஒட்டி ஜிம்கானா. ஒரு நாள் மாலை அங்கே முப்பது பேர் சேற்றில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள்வதைக் கண்டு, அடிதடி என்று நினைத்து நின்றுவிட்டார். விசில் ஊதியது. எல்லோரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். அப்போதுதான் அது ஆட்டம் என்று தெரிந்ததாம்.

ரக்பிப் பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம்; காலால் உதைக்கலாம். ஆனால் கையால் எறிவதானால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். முன்னால் எறிந்தால் தவறு. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது 'டிரை'. இன்று அதற்கு 5 புள்ளிகள். அண்ணாச்சி பார்க்கத் தொடங்கிய காலத்தில் 4. பந்து வைத்திருப்பவரை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம். தோளுக்கு மேல் கை போகக் கூடாது.

"நம்ம ஊர் சடுகுடுவிலே பாடிட்டு வாறவனை அமுக்குவோம். இங்கே பந்து வச்சிருக்கவனை அமுக்குறான். பாட்டுக்குப் பதிலா பந்து, அவ்வளவுதான்" என்பது அண்ணாச்சியின் விளக்கம்.

'ஸ்கிரம்' என்று ஒன்று உண்டு. இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, தலையைக் கொடுத்து முட்டித் தள்ளுவார்கள். இதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. காலை 9 மணிக்குத் தாதரில் சர்ச்கேட் வண்டி ஏறுகிற எவரும் அந்த ஆட்டத்தில் பழக்கப்பட்டவர்தான். என்ன, ரக்பியில் நடுவர் இருக்கிறார்!

ஜிம்கானா தொடங்கப்பட்டது 1875-ல். வெள்ளைக்காரர் காலத்தில் உறுப்பினர்கள் ஐரோப்பியர்கள் மட்டுமே. இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் கிரிக்கெட் 1933-ல் இதே மைதானத்தில்தான் நடந்தது. லாலா அமர்நாத் 118 ரன் எடுத்தார். ஆட வந்த இந்தியர்களுக்கு மைதானம் திறந்தது. கிளப்பின் உறுப்பினர் புத்தகம் திறக்க மேலும் காலம் ஆயிற்று.

நம் ரூபாயில் செய்த கோப்பை

ரக்பிக்கும் இந்தியாவுக்கும் உள்ள பழைய உறவு ஒன்று பலருக்குத் தெரியாது. 1872 கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். அதிலிருந்து ஒரு கிளப் உருவாயிற்று. சில ஆண்டுகளில் உற்சாகம் குறைந்தது. இங்கிருந்த பட்டாளம் இடம் மாறியது. வெயிலுக்குப் போலோவும் டென்னிஸும் மேல் என்று பலர் ஒதுங்கினார்கள். இலவச மது நிறுத்தப்பட்டதும் ஒரு காரணம் என்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

கிளப்பை மூடியபோது பாங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக வாங்கினார்கள். 270 ரூபாய். அதை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்பு. மூடியின் மேல் யானை. 1878-ல் அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது இந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான். நம் ரூபாயை உருக்கிச் செய்த கோப்பை. நாம் அதற்காக ஆடியதே இல்லை!

மூன்று ஆட்டங்களிலும் செலவு குறைந்தது ரக்பி. ஒரு பந்து, ஒரு மைதானம் போதும். குதிரை வாங்க வேண்டாம், படகு வாங்க வேண்டாம். அப்படியிருந்தும் கிளப் வேலியைத் தாண்ட அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஒருவழியாகத் தாண்டிவிட்டது. ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து ரக்பி வீராங்கனைகள் வருகிறார்கள். 2019-ல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வீழ்த்தி, இந்தியப் பெண்கள் பதினைவர் ஆட்டத்தில் முதல் சர்வதேச வெற்றி பெற்றார்கள். கடைசி நேரத்தில் பந்தை உதைத்து வெற்றி தேடித் தந்த சுமித்ரா நாயக் ஒடிசாப் பெண். 2025-ல் அந்தேரியில் நடந்த முதல் ரக்பி பிரிமியர் லீக்கை வென்ற அணியின் பெயர் சென்னை புல்ஸ். பெயரில் சென்னை இருந்ததால் தாராவியில் இருந்து நாலு பேராவது அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள் என்று அண்ணாச்சி திருப்திப்படுகிறார்.

தோணிக்காரர் மகன்

பாய்மரப் படகு விஷயம் வேறு. அது அவருக்கு ரத்தத்தில் வந்தது.

அண்ணாச்சியின் தந்தை தூத்துக்குடித் தோணியில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு தோணிகள் பாய் விரித்துப் போகும். எஞ்சின் கிடையாது. கச்சான் எப்போது எழும், வாடை எப்போது இறங்கும், கொண்டல் எப்போது திரும்பும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. கேட்வே பக்கத்துக் கல்சுவரில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வெள்ளைப் பாய்களைப் பார்க்கும்போது, மற்றவர்கள் அழகைப் பார்த்தார்கள். அண்ணாச்சி காற்றைப் பார்த்தார்.

பாய்மரப் படகு எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. காற்றுக்குச் சாய்வாக ஒரு பக்கம் கொஞ்ச தூரம், பிறகு பாயை மாற்றி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். கரையில் நிற்பவருக்கு யார் முந்துகிறார் என்றே தெரியாது. வடக்கே போகிற படகு பின்தங்கியது போலத் தோன்றும். திரும்பும்போது பார்த்தால் அதுதான் முதலில் இருக்கும். "ஆட்டம் புரியாம எத்தனையோ பேர் எழுந்து போயிடுவான். அவன் போன பிறகுதான் விஷயமே நடக்கும்" என்கிறார்.

ராயல் பாம்பே யாட் கிளப் 1846-ல் தொடங்கியது. அதன் கதவு சாமானியனுக்குத் திறக்காது. ஆனால் கடலுக்குக் கதவு இல்லை. 1982 ஆசிய விளையாட்டு டில்லியில் நடந்தபோது பாய்மரப் படகுப் போட்டி பம்பாய்க் கடலில் நடந்தது. பாரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் 'பயர்பால்' வகைப் படகில் தங்கம் வென்றார்கள். அண்ணாச்சி அரை நாள் லீவு போட்டுக் கரையில் நின்றார். தூரத்தில் சில பாய்கள் தெரிந்தன. வென்றது யார் என்பதை மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதற்கும் சம்பளம் பிடித்தார்கள்.

கடற்படை அதிகாரி திலீப் தோந்தே 2009-ல் மும்பையிலிருந்து தனியாகப் புறப்பட்டு, நான்கு இடங்களில் நின்று, 2010-ல் உலகைச் சுற்றித் திரும்பினார். கோவாவில் கட்டிய 56 அடி நீளப் படகு அது, பெயர் மாதேய். அதே படகில் அபிலாஷ் டாமி 2012 நவம்பர் 1-ந்தேதி மும்பையிலிருந்து கிளம்பி, எங்கும் கரை தொடாமல் 2013 மார்ச் 31-ந்தேதி மும்பைக்கு வந்து சேர்ந்தார். ஐந்து மாதம் தன்னந்தனி! தந்தை உயிரோடு இருந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டார் என்கிறார் அண்ணாச்சி. "கொழும்புக்குப் போய் வரவே எங்கம்மா விளக்கேத்தி வச்சிட்டு உக்காந்திருப்பா."

இப்போது நம்மவர் பெயர்கள் இந்த ஆட்டத்தில் நிறைய அடிபடுகின்றன. சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். அதே விளையாட்டில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்து விவசாயி மகள். போபால் ஏரியில் பழகியவர்.

படகுப் போட்டியில் புள்ளி கணக்கிடும் முறை அண்ணாச்சிக்கு மிகவும் பிடித்தது. முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2. பல ஓட்டங்கள் நடக்கும். கூட்டிப் பார்த்துக் குறைந்த புள்ளி பெற்றவருக்கு வெற்றி. அதில் ஒரு சலுகை: ஆக மோசமான ஓட்டத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். "மோசமான ஒரு நாளைக் கழிச்சுக்கிடலாம்னு விதி வச்சிருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஊதாரி என்ற குதிரை

அந்த மோசமான நாள், மகாலட்சுமியில்.

மகாலட்சுமி ஸ்டேஷனில் இறங்கினால் கிழக்கே பாலத்தடியில் டோபி காட். மேற்கே பந்தய மைதானம். இருபுறமும் பம்பாய்தான். 1883 முதல் அங்கே குதிரைகள் ஓடுகின்றன. பெரிய பந்தயம் இந்தியன் டெர்பி, 1943-ல் தொடங்கியது. 2400 மீட்டர். ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்று வேலிகளில் சாமானியனைக் கூப்பிட்டு உள்ளே விட்ட வேலி இது ஒன்றுதான். ஜிம்கானா கூப்பிடவில்லை, யாட் கிளப் கூப்பிடவில்லை. மகாலட்சுமியில் மில் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் தனி வாசல், குறைந்த கட்டணம், தனி கவுண்டர். காரணம் சிரமமானது இல்லை. அவர்கள் பார்க்க மட்டும் வருவதில்லை. பணம் கட்ட வருகிறார்கள்.

1977 டெர்பிக்கு அண்ணாச்சியை அலுவலக நண்பர் அழைத்துப் போனார். அன்று வென்ற குதிரையின் பெயர் ஸ்குவாண்டரர். தமிழில் சொன்னால் ஊதாரி! 19 பந்தயங்களில் ஓடி 18-ல் வென்ற அபூர்வக் குதிரை. அண்ணாச்சி அதன் மேல் 5 ரூபாய் கட்டியிருந்தார். எல்லோரும் கட்டும் குதிரைக்குப் பெரிய லாபம் வராது. கொஞ்சம் சில்லறைதான் மேலே கிடைத்தது. ஆனாலும் கடைசித் திருப்பத்தில் அது மற்றக் குதிரைகளை விட்டுப் பிரிந்து வந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது என்கிறார். "அது மனுஷனைப் பார்த்து ஓடலை. தனக்காக ஓடிச்சு."

பிறகு ஏழு ஆண்டுகள். குதிரையின் தாய் தந்தை, ஜாக்கி, எடை எல்லாம் அவருக்கு அத்துபடி ஆயிற்று. கைச்சுமை என்று ஒரு முறை உண்டு. நன்றாக ஓடும் குதிரைக்குச் சேணத்தில் ஈயம் வைத்து எடை கூட்டுவார்கள். சுமாரான குதிரைக்குக் குறைப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதாவது, யார் வெல்வார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு அலுவலகமே உட்கார்ந்து வேலை செய்கிறது. அதை இவர் சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்து பென்சிலால் கண்டுபிடிக்கப் பார்த்தார்.

1984. தங்கைக்குத் தூத்துக்குடியில் வரன் கூடியது. தை மாதம் கல்யாணம். தந்தை இறந்துவிட்டார், பொறுப்பு அண்ணாச்சியுடையது. தாராவியில் போட்டிருந்த ஏலச்சீட்டை எடுத்தார். 5,000 ரூபாய் கையில் வந்தது. போதும் என்று இருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் இன்னும் 2 பவுன் கேட்டார்கள். 3,000 ரூபாய் குறைந்தது.

அந்த 3,000-ஐ மகாலட்சுமியில் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். மைதானத்துக் கவுண்டரில் கட்டவில்லை. கடனும் தருகிறேன் என்ற சந்து புக்கியிடம் கட்டினார். முதல் வாரம் 400 வந்தது. அதுதான் வினை. தீபாவளி கழிந்து மார்கழி முடிவதற்குள் 3,400 ரூபாய் போயிற்று. புக்கிக்கு வேறு பாக்கி. கல்யாணம் நின்றது.

தங்கைக்கு 1987-ல்தான் மறுபடி வரன் அமைந்தது. மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டாந்தாரமாகப் போனார். அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்கிறார் அண்ணாச்சி.

சட்டமும் வரியும்

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-லேயே சட்டம் வந்தது. வழக்கு நீதிமன்றத்தில் இருந்ததால் கிண்டியில் குதிரைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், அது சூதாட்டம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்புக் கூறியது. குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. பெசி ஷ்ராஃப் என்ற ஜாக்கி இந்தியன் டெர்பியை 8 முறை வென்றார். அது அதிர்ஷ்டமா? நம்மவரான எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் நூற்றுக்கணக்கான பெரிய பந்தயங்களை வென்றன. அதுவும் அதிர்ஷ்டம் இல்லை. "எல்லாருக்கும் திறமை இருந்தது. சீட்டு வாங்கின எனக்கு மட்டும்தான் இல்லை" என்கிறார் அண்ணாச்சி. கோர்ட்டு அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. கிண்டி மைதானத்தை வாடகைப் பாக்கித் தகராறில் 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது. மகாலட்சுமியில் 211 ஏக்கரில் 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்கு எடுக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது. பந்தயம் கட்டும் தொகைக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். போட்டவன் தோற்கக் குதிரை ஓடவே வேண்டியதில்லை!

மருமகன் கேட்ட கேள்வி

தங்கைக்குப் பிறந்த மகன் இப்போது நவா ஷேவா துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்குப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டில் சாப்பாடு. பணம் கட்டி ஆடும் செல்போன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் மருமகன் மெதுவாக ஆரம்பித்தாராம்.

"மாமா, ஒங்களுக்குக் குதிரை எல்லாம் தெரியும்னு அத்தை சொன்னாங்க. டெர்பிக்கு எது வரும்னு சொல்லுங்களேன். நம்ம ஆபீஸ்ல ஒரு ஆள் வாங்குறாரு."

அண்ணாச்சி நாற்பது வருடம் யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னார். சீட்டுப் பணம், 2 பவுன், நின்றுபோன கல்யாணம், எல்லாவற்றையும். மருமகன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்:

"அப்போ அந்தக் குதிரை ஜெயிச்சிருந்தா நான் பிறந்திருக்கவே மாட்டேனே மாமா?"

அண்ணாச்சிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தைதான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு, "போதும், எந்திரிச்சுக் கை கழுவுல" என்றாராம்.

மருமகன் அதன்பிறகு குதிரை பற்றிக் கேட்கவில்லை. ஊரில் அம்மாவிடம் சொன்னாரா என்பது தெரியாது.

அண்ணாச்சி இப்போதும் மூன்று இடத்துக்கும் போகிறார். மழைக்காலத்தில் ரக்பி, மழை நின்றதும் படகுகள், பிப்ரவரியில் டெர்பி. ஜிம்கானாவுக்கும் கேட்வேக்கும் போகிற நாளில் வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை. மகாலட்சுமிக்கு என்றால் மட்டும் அவர் மனைவி சட்டைப்பையைப் பார்த்து, சீனியர் சிட்டிசன் அட்டையையும் டீக்கு 20 ரூபாயையும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறார்.